பழைய செங்கலுக்கும் கணக்கு உண்டு



கடந்த சில ஆண்டுகளாக எந்த மஹல்லாவுக்குச் சென்றாலும், பள்ளிவாசலையோ மதரஸாவையோ இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு காதில் விழுகிறது. எத்தனை தூண், மினாரா எத்தனை அடி, தளத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று பொறுப்பாளர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இடிக்கப்படும் பழைய கட்டடத்தில் என்னென்ன இருந்தன, அவை எங்கே போயின என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை.

அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு கூடும் இருக்கன்குடிப் பகுதியில் எங்களுடையது ஒரு சிறிய மஹல்லா. இங்குள்ள மக்தப் மதரஸாக் கூடத்தைப் புதுப்பிக்க ஜமாஅத் முடிவு செய்தபோது, பழைய பொருள்களின் கணக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தப் பொறுப்பின் வழியே, பசுமைக் கட்டடச் சான்று வழங்குவோர் மறுபயன்பாட்டை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அவர்களின் கணக்கும் நம் ஃபிக்ஹின் கணக்கும் எவ்வளவு நெருங்கியவை என்பதை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஃபிக்ஹு. மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் குதூரியிலும் ஹிதாயாவிலும் வக்ஃபுப் பாடத்தில் இந்தச் சட்டம் வருகிறது. வக்ஃபுக் கட்டடத்திலிருந்து இடிந்து விழுந்த பொருள் அதே வக்ஃபின் பழுதுபார்ப்புக்குத் தேவைப்பட்டால் அதற்கே செலவாக வேண்டும். இப்போது தேவையில்லை என்றால், தேவை வரும்வரை பாதுகாத்து வைக்க வேண்டும். திரும்பப் பொருத்த முடியாத நிலையில் இருந்தால் விற்று, அந்தப் பணத்தைப் பழுதுபார்ப்புக்கே செலவழிக்க வேண்டும். வக்ஃபின் பயனாளிகள் அதைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள அனுமதி இல்லை. ஆகவே இடிந்த சுவரின் செங்கலும் வக்ஃபுதான். சுவர் விழுந்ததால் அதன் அமானிதம் விழுந்துவிடுவதில்லை.

நடைமுறை வேறாக இருக்கிறது. இடிப்பவர் வருகிறார், "கூலி வேண்டாம், பழைய சாமான்களை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார். செலவு மிச்சம் என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். லாரியில் ஏறியது எத்தனை செங்கல், எத்தனை கன அடித் தேக்கு என்று எவரும் எண்ணுவதில்லை. கூலியின் அளவு தெரியாமல் செய்யப்படும் ஒப்பந்தம் செல்லாது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். அதே பாடம் நம் பள்ளிவாசல் முற்றத்தில் மறந்துபோகிறது. பொருளை எண்ணி, மதிப்பிட்டு, அந்த மதிப்பைக் கூலியில் கழித்துக்கொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது. எண்ணாமல் கொடுப்பதுதான் சிக்கல்.

எங்களிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது சென்னையில் பசுமைக் கட்டட ஆலோசனைப் பணியில் இருக்கிறார். பெருநாள் விடுமுறைக்கு ஊர் வந்தவர், என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், நீங்கள் எழுதுவதைத்தான் எங்கள் அலுவலகத்தில் அட்டவணை போட்டு எழுதுகிறோம்" என்றார். அன்று இஷாவுக்குப் பின் அவர் விளக்கியதை, பொதுவான வாசகருக்குப் புரியும் அளவில் சொல்கிறேன்.

ஒரு கட்டடம் இயற்கைக்கு எவ்வளவு குறைவாகக் கேடு செய்கிறது என்பதைப் பல தலைப்புகளில் மதிப்பெண் போட்டுச் சான்றளிக்கும் முறைகள் உலகெங்கும் உள்ளன. அமெரிக்காவில் உருவான 'லீட்' அவற்றில் ஒன்று. நம் நாட்டில் இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001இல் இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தைத் தொடங்கியது. ஹைதராபாத்தில் உள்ள சோரப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003இல் லீட் முறையின் மிக உயர்ந்த தரமான பிளாட்டினம் சான்றைப் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அச்சான்று பெற்ற முதல் கட்டடம் அதுதான். 2004இல் அதைத் திறந்து வைத்தவர் அப்போது குடியரசுத் தலைவராக இருந்த நம் ராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள். மத்திய அரசும் டெரி நிறுவனமும் இணைந்து வளர்த்த 'கிரிஹா' என்ற உள்நாட்டு முறையும் இருக்கிறது.

இம்முறைகள் தண்ணீரையும் மின்சாரத்தையும் போலவே கட்டுமானப் பொருளையும் கணக்கில் எடுக்கின்றன. காரணம் எளியது. ஒரு டன் சிமெண்ட் உருவாகும்போது அரை டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயு காற்றில் கலக்கிறது. நம் மாவட்டத்தில் ஆர்.ஆர். நகரிலும் ஆலங்குளத்திலும் சிமெண்ட் ஆலைகள் உண்டு. சுண்ணாம்புப் பாறை சிமெண்டாக மாற எவ்வளவு நெருப்பு தேவை என்பதை இம்மாவட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செங்கலுக்குச் சூளை எரிய வேண்டும். கலவைக்கு மணல் வேண்டும். மணல் அள்ளிய ஆற்றின் நிலையை வைப்பாற்றங்கரையில் வாழும் நாம் கண்ணால் காண்கிறோம். ஏற்கெனவே எரிந்து முடிந்த செங்கலை மீண்டும் பயன்படுத்தினால், அந்த அளவுக்குப் புதிய நெருப்பும் புதிய மண்ணும் மிச்சம். இதை மார்க்கத்தின் சொல்லில் சொன்னால், இஸ்ராஃப் எனும் வீண்விரயத்திலிருந்து விலகிக்கொள்வது.

இனிக் கணக்கு. லீட் முறையின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு மறுபயன்பாட்டை இரண்டு வெவ்வேறு அளவுகோல்களால் அளந்தது. இருந்த கட்டடத்தை இருந்த இடத்திலேயே காப்பாற்றினால் பரப்பளவால் அளக்க வேண்டும். பழைய சுவர், தளம், கூரை ஆகியவற்றின் மொத்தப் பரப்பில் எத்தனை விழுக்காடு நிலைநிறுத்தப்பட்டது என்பதே கேள்வி. 55 விழுக்காட்டுக்கு ஒரு மதிப்பெண், 75க்கு இரண்டு, 95க்கு மூன்று. சன்னல்களும், கூரையின் மேல் பாரம் தாங்காத வேய்பொருள்களும் இதில் சேரா. பிரித்தெடுத்த பழைய பொருள்களை மீண்டும் பயன்படுத்தினால் விலையால் அளக்க வேண்டும். கட்டுமானப் பொருள்களின் மொத்த விலையில் அவற்றின் மதிப்பு 5 விழுக்காடு இருந்தால் ஒரு மதிப்பெண், 10 இருந்தால் இரண்டு. ஒரே பொருளை இரண்டு கணக்கிலும் காட்டக் கூடாது. பின்னர் வந்த நான்காம் பதிப்பில் கணக்கிடும் முறையும் மாறியது. படிநிலைகளும் 25, 50, 75 என மாறின. ஆகவே எந்தப் பதிப்பின்படி அளந்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு.

எங்கள் மதரஸாக் கூடத்தை 2009 முறைப்படி அளந்தோம். நீளம் 40 அடி, அகலம் 20 அடி. தரைத்தளம் 800 சதுர அடி. மேலே தேக்கு உத்திரங்களின் மீது செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் ஒட்டுக் கூரை, அதுவும் 800. சுவரின் உயரம் 12 அடி. நான்கு பக்கமும் சுற்றி, கதவு சன்னல் இடங்களைக் கழித்தால் 1,300 சதுர அடி. ஆக மொத்தம் 2,900.

தரை நன்றாக இருந்தது. மூன்று பக்கச் சுவர்கள் உறுதியாக இருப்பதாகப் பொறியாளர் சோதித்துச் சொன்னார். கிழக்குச் சுவரில் மட்டும் பெரிய விரிசல். அதன் 200 சதுர அடியை இடித்தாக வேண்டும். கூரையின் மரங்களில் கரையான் ஏறி, மழைநீர் இறங்கி, முழுவதையும் பிரிக்க வேண்டிய நிலை. காப்பாற்ற முடிந்தது தரை 800, சுவர் 1,100, ஆக 1,900. அதை 2,900ஆல் வகுத்தால் 65.5 விழுக்காடு.

கணக்கு இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் கூடிய ஜமாஅத் கூட்டத்தில், நன்கொடை வேண்டுகோள் அறிக்கையில் "பழைய கட்டடத்தின் 90 விழுக்காட்டைப் பாதுகாத்துப் புதுப்பிக்கிறோம்" என்று தட்டச்சாகி வந்திருந்தது. அறிக்கையைத் தயாரித்தவர் பொய் சொல்லும் மனிதர் அல்லர். தன் பணத்தையும் நேரத்தையும் மதரஸாவுக்கே கொடுப்பவர். அவருடைய வாதம் இது: "கூரை எப்படியும் உளுத்துப்போனது. இல்லாத ஒன்றை ஏன் மொத்தத்தில் சேர்க்க வேண்டும்? கூரையை விட்டுவிட்டால் மொத்தம் 2,100. காப்பாற்றியது 1,900. தொண்ணூறுக்கு மேலேயே வருகிறதே!"

வகுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான், 90.5 வருகிறது. மேலே உள்ள எண் மாறவே இல்லை. கீழே உள்ள எண்ணைச் சற்றுக் குறைத்ததும் 65 என்பது 90 ஆகிவிட்டது. விழுக்காட்டில் நடக்கும் பிழைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. காப்பாற்றியதை யாரும் பெருக்கிச் சொல்வதில்லை. இழந்ததை மொத்தத்திலிருந்து ஓசையின்றி எடுத்துவிடுகிறார்கள்.

 சான்று வழங்கும் முறையில், உடல்நலத்துக்குத் தீங்கு செய்யும் பொருளை அகற்றினால் அதைக் கணக்கிலிருந்து நீக்கலாம். எங்கள் தாழ்வாரத்தில் கிடந்த ஆஸ்பெஸ்டாஸ் தாள்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றின் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் அவற்றை மீண்டும் பயன்படுத்தாதது நன்மையே. உளுத்த மரம் அப்படியல்ல. அது பராமரிப்புக் குறைவால் நாம் இழந்தது. இழப்பை இழப்பு என்றே எழுத வேண்டும். வேறொரு விதியும் என்னைச் சிந்திக்க வைத்தது. புதிதாகச் சேர்க்கும் பகுதி பழைய கட்டடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தால், பழைய கட்டடத்தைக் காத்ததற்கான மதிப்பெண்ணைக் கோரவே முடியாது. பெரிய மாளிகையின் மூலையில் ஒரு பழைய சுவரை நிறுத்திவைத்து, "முன்னோரின் கட்டடத்தைக் காத்தோம்" என்று பெருமை பேச வழியில்லை.

அந்த அறிக்கையை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மக்களிடம் வாசிக்க வேண்டியவன் நான். எங்கள் மஹல்லாவில் பலர் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் கூலிக்குச் செல்பவர்கள். மருந்துக் கலவையில் ஓர் அளவு பிசகினால் என்ன ஆகும் என்பதை உயிரைப் பணயம் வைத்து அறிந்தவர்கள். ஒரு நாள் கூலியை எடுத்து மதரஸாவுக்குக் கொடுக்கும் அவர்கள் முன் நின்று, சரிபாதி உண்மையான ஓர் எண்ணைச் சொல்ல முடியாது என்று கூட்டத்தில் தெரிவித்தேன். திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம், வாங்கும்போது ஓர் அளவும் கொடுக்கும்போது வேறோர் அளவும் வைத்திருப்போரைக் கடுமையாக எச்சரிக்கிறது. நிறுவைக்கல்லும் மரக்காலும் மட்டுமா அளவை? விழுக்காடும் ஓர் அளவைதானே. நன்கொடை வாங்கும்போது பெரிய எண்ணையும், கணக்குக் கொடுக்கும்போது சிறிய எண்ணையும் வைத்திருப்பது எந்த வகையில் சேரும் என்று கேட்டேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அறிக்கையைத் தயாரித்தவரே பேனாவை எடுத்து 90ஐ அடித்து 65 என்று எழுதினார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

விலைக் கணக்கிலும் இதே போன்ற ஒரு வாசல் திறந்தே இருந்தது. கூலி, மின்கம்பி, குழாய் வேலை ஆகியவற்றை நீக்கிப் பார்த்தால், புதுப்பிக்கும் பணிக்கான பொருள்களின் மதிப்பு 12 லட்சம் ரூபாய். கிழக்குச் சுவரிலிருந்து உடையாமல் எடுத்த 3,000 செங்கற்களை முற்றத்தில் தளமாகப் பதித்தோம். இடத்திலேயே கிடைத்த பொருள் பழைய வேலையை விட்டு வேறு வேலை செய்தால்தான் இந்தக் கணக்கில் சேரும். சுவராக இருந்தது தளமானதால் சேர்ந்தது. கல்லுக்கு 9 ரூபாய் வீதம் 27,000. உத்திரங்களில் கரையான் அரித்த பகுதிகளை அறுத்துத் தள்ளியபின் 15 கன அடி நல்ல தேக்கு தேறியது. அது சுவரோடு பதித்த கிதாபு அலமாரிகளாயிற்று. கன அடிக்கு 2,800 வீதம் 42,000. காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடுகளின் மரச்சாமான்களை விற்கும் கடைத்தெருவில் நிலையோடு ஒரு கதவும் மூன்று சன்னல்களும் 30,000 ரூபாய்க்கு வாங்கினோம். மொத்தம் 99,000. பன்னிரண்டு லட்சத்தில் அது 8.25 விழுக்காடு.

பத்தைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. தேக்குக்குக் கன அடி 5,000 என்று போட்டால் 11 விழுக்காடு ஆகிவிடும். அந்த விலையில் தேக்கு விற்கவும் செய்கிறது. ஆனால் அது வேறு தரத்துத் தேக்கு. இடத்திலேயே கிடைத்த பழைய பொருளுக்கு, அதற்கு நிகரான பொருளை இன்று வாங்கினால் என்ன விலையோ அதைத்தான் போட வேண்டும் என்பது முறை. நிகரானது எது என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் மனிதனின் தக்வா சோதிக்கப்படுகிறது. 8.25 என்றே எழுதினோம். அறுத்துத் தள்ளிய துண்டுகளில் நன்றாயிருந்தவற்றை எங்கள் ஆசாரி பிள்ளைகளுக்கு ரிஹால் பலகைகளாகச் செய்து தந்தார். எடுத்து வைக்கும் பொருள் இக்கணக்கில் சேராது. எந்த மதிப்பெண்ணும் தராத அந்த ரிஹால்களில்தான் எங்கள் பிள்ளைகள் இன்று குர்ஆன் ஓதுகிறார்கள்.

ஆக, ஒரே கட்டடம் பரப்பால் அளந்தால் 65.5, விலையால் அளந்தால் 8.25. இரண்டும் உண்மை. எதை எதனால் வகுத்தோம் என்று சொல்லாமல் ஒன்றை மட்டும் சொன்னால், உண்மையே மக்களை ஏமாற்றும் கருவியாகிவிடும். உடைந்த செங்கலும் சுண்ணாம்புக் காரையும் அடித்தள நிரப்புக்குப் போயின. அது நல்ல காரியம்தான். ஆனால் அதற்குக் கழிவு மேலாண்மை என்று தனித் தலைப்பு உண்டு. மறுபயன்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. இடிபாட்டுக் கழிவை வகை பிரித்து முறைப்படி கையாள வேண்டும் என்று மத்திய அரசு விதிகளும் சொல்கின்றன. பழைய கான்கிரீட்டை உடைத்துச் சல்லியாக்கினால், இந்தியத் தர நிர்ணயத்தின் 383ஆம் எண் விதி அதைச் சாதாரணக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையும், கம்பி கட்டிய எம்25 தரம் வரையிலான கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையும் சேர்க்க அனுமதிக்கிறது. அது மறுசுழற்சி. செங்கல் செங்கலாகவே திரும்புவது மறுபயன்பாடு. இரண்டுக்கும் பெயரும் கணக்கும் வேறு.

இந்தக் கணக்கை எழுதிய நாள்களில் என் மனம் அடிக்கடி கஅபாவின் வரலாற்றுக்குச் சென்றது. நபி (ஸல்) அவர்களுக்கு 35 வயது இருக்கும்போது, வெள்ளத்தால் பழுதுபட்ட கஅபாவைக் குறைஷிகள் புதுப்பித்தார்கள். சீறா நூல்கள் தரும் விவரங்களை இன்றைய கட்டடக் கண்ணோடு படித்தால் வியப்பாக இருக்கிறது. பழைய சுவர்களை இறக்கிக்கொண்டே சென்றவர்கள், இப்ராஹீம் (அலை) அவர்கள் இட்ட அடித்தளக் கற்களைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். அவற்றை அசைக்காமல் அவற்றின் மீதே எழுப்பினார்கள். கூரைக்கு மரம் வேண்டியிருந்தது. செங்கடல் கரையில் உடைந்து ஒதுங்கிய ஒரு ரோமானிய வணிகக் கப்பலின் பலகைகளை விலைக்கு வாங்கி வந்தார்கள். கஅபாவின் கூரையாக உயர்ந்தது ஒரு பழைய கப்பலின் மரம்!

அதைவிடப் பெரிய பாடம் அடுத்து வருகிறது. ஹலாலான வருவாய் மட்டுமே இப்பணிக்குச் செலவாக வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். வட்டிப் பணமும் அநியாயமாக வந்த பணமும் விலக்கப்பட்டன. தூய பணம் போதவில்லை. அதனால் கட்டடத்தைச் சுருக்கி, ஒரு பகுதியைச் சுவருக்கு வெளியே விட்டு, அரைவட்டமாக எல்லை மட்டும் காட்டினார்கள். அதுவே ஹிஜ்ர் என்றும் ஹதீம் என்றும் அழைக்கப்படும் இடம். தவாஃப் செய்யும் ஒவ்வொருவரும் இன்றும் அதற்கு வெளியேதான் சுற்றி வருகிறார். இஸ்லாம் வராத அந்தக் காலத்திலேயே, குறைஷிகள் குறையைக் குறையாகவே உலகத்தின் கண் முன் விட்டுவைத்தார்கள். நாம் ஒரு மதரஸாக் கூடத்தின் கூரையைக் கணக்கில் மறைக்க நினைக்கலாமா?

மதீனாவிலும் இதே வழியைக் காண்கிறோம். நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்கு எடுத்த நிலத்தில் நின்ற பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டு, அந்தப் பள்ளியின் கட்டுமானத்துக்கே பயன்பட்டன. கிப்லா கஅபாவை நோக்கித் திரும்பியபோது, பழைய கிப்லாப் பக்கத்தில் இருந்த நிழற்பகுதி இடிக்கப்படவில்லை. வீடற்ற ஏழைத் தோழர்கள் தங்கிக் கல்வி பயிலும் திண்ணையாயிற்று. 'அஸ்ஹாபுஸ் ஸுஃப்பா' என்று நாம் பெருமையோடு சொல்லும் கல்விக்கூடம், ஒரு பழைய பகுதியின் மறுபயன்பாட்டில் பிறந்தது. நம் காலத்தில், ஜகார்த்தாவில் 1978இல் திறக்கப்பட்ட இஸ்திக்லால் பெரும்பள்ளிவாசல் இடிக்கப்படாமல் புதுப்பிக்கப்பட்டு, 2022இல் பன்னாட்டு நிதிக் கழகத்தின் 'எட்ஜ்' பசுமைச் சான்றைப் பெற்றது. அந்த முறையில், நிலைநிறுத்தப்பட்ட பழைய தளத்துக்கும் சுவருக்கும் புதிய ஆற்றல் செலவு பூச்சியம் என்றே கணக்கிடுகிறார்கள். தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவைப் பாருங்கள். இடிபடவிருந்த பழைய வீடுகளை ஒவ்வொரு பாகமாகப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் பொருத்தியிருக்கிறார்கள்.

பிரிக்க முடிவது எப்படி என்பதையும் எங்கள் கிழக்குச் சுவர் கற்றுக்கொடுத்தது. அது சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர். கொத்தனார் உளியின் பின்பக்கத்தால் தட்டியதும் காரை உதிர்ந்து, கல் முழுதாகக் கையில் வந்தது. பிற்காலத்தில் சிமெண்ட் பூசிக் கட்டிய பகுதியிலோ காரைக்கு முன்னே கல் உடைந்தது. சிமெண்ட் கலவை செங்கலைவிட வலுவாகப் பிடித்துக்கொள்வதால், அந்தச் சுவரின் கற்கள் மறுபடி கற்களாகத் திரும்புவது அரிது. நம் முன்னோர் கட்டியதை நாம் பிரித்து எடுக்கிறோம். நாம் கட்டுவதை நம் பேரப்பிள்ளைகளால் உடைக்க மட்டுமே முடியும். புதிய கிழக்குச் சுவரைச் சுண்ணாம்புக் கலவையிலேயே கட்டச் சொன்னது இதனால்தான்.

எங்கள் மதரஸா சான்றுக்கு விண்ணப்பிக்கவில்லை. பதிவுக்கும் ஆலோசனைக்கும் ஆகும் பணம் பிள்ளைகளின் கிதாபுக்கும் விளக்குக்கும் தேவை. ஆனால் சான்றுக்கு உரிய கணக்கை எழுதி, முத்தவல்லியின் கையொப்பத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். எத்தனை கல் வந்தது, எத்தனை உடைந்தது, எது எங்கே பதிந்தது, எது எவ்வளவுக்கு விற்றது என்று அதில் எல்லாம் இருந்தது.

அதைப் படித்துவிட்டு வந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஹஜ்ரத், கிழக்குச் சுவருக்கு எங்க அத்தா ஒரு வண்டி செங்கல் கொடுத்தாங்க. அந்தக் கல்லு இப்ப எங்க இருக்கு?" என்றார். ஏட்டைத் திறந்து காட்டினேன். முற்றத்தில், பிள்ளைகள் ஒளுச் செய்துவிட்டு நடந்து வரும் பாதையில் இருக்கிறது என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் அந்தத் தளத்தின் மீது சிறிது நேரம் நின்றார். அவருடைய தந்தையின் சதகா ஜாரியா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு எங்களிடம் எழுத்தில் ஆதாரம் இருந்தது. கணக்கு இல்லாமல் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தால், அவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

ஆகவே, கட்டடப் பணியில் இறங்கும் ஜமாஅத்துகளுக்குச் சில வேண்டுகோள்கள். இடிப்பதற்கு முன் அளந்து, படம் எடுத்து, பட்டியல் எழுதுங்கள். இடித்தபின் எழுதும் பட்டியல் நினைவை நம்பியது. எதைக் காப்பாற்றலாம் என்பதைப் பொறியாளரைக் கொண்டு முடிவு செய்யுங்கள்; மறுபயன்பாட்டின் பெயரால் பலவீனமான சுவரின் கீழ் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் தாள்களை அடித்து நொறுக்காமல், நனைத்து முழுதாக இறக்குங்கள். பழைய பொருளைக் கூலியாகக் கொடுப்பதாக இருந்தால் மதிப்பிட்டுக் கொடுங்கள். மக்களிடம் ஒரு விழுக்காட்டைச் சொன்னால், எதில் எத்தனை விழுக்காடு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மறுமையில் அணு அளவு நன்மையும் அணு அளவு தீமையும் எடுத்துக் காட்டப்படும் என்று நம்புகிற சமுதாயம் நாம். அந்தத் தராசை நம்புபவர்களுக்கு ஒரு செங்கலை எண்ணுவது சிறிய வேலையாகத் தோன்றக் கூடாது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைக் குறையின்றி அளந்து, மறைக்காமல் எழுதி, உரிய இடத்தில் சேர்க்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.